பொம்மை நின்ற இடம்

நீதிமன்ற வட்டாரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொம்மைக்காரர் என்றால்தான் தெரியும். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் டேப் வைத்து அளந்து வைத்திருக்கும். அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, நடந்து முடிந்த விபத்தைத் திரையில் இன்னொரு தடவை நடத்திக் காட்டுவது அவர் தொழில். செத்தவனை எழுப்பி மறுபடியும் சாகடிக்கிற பிழைப்பு என்று அவர் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் பாதி சரி. செத்தவன் எழுந்து வருவதில்லை. அவன் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைதான் வரும். மூக்கு இருக்காது, வாய் இருக்காது.

படிப்பு விஷயத்தில் அவர் பெரிய ஆள் இல்லை. பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டதா அவர் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. முதலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். பிறகு கார்ட்டூன் கம்பெனி ஒன்றில் சேர்ந்து வெகுகாலம் முயலையும் கரடியையும் ஓடவிட்டார். கம்பெனி இழுத்து மூடப்பட்டதும், ஓடுகிற முயலை வரையத் தெரிந்தவனுக்கு ஓடுகிற லாரி என்ன பெரிய கஷ்டம் என்று இதில் இறங்கிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை. இரண்டு மானிட்டர்கள் வைத்த மேஜை, சூடு தாங்காமல் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மேலே ஆள் கிடையாது.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மையையும்தான் சொல்லாது. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். இது மற்றவர்களைவிடப் பொம்மைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்: அளக்காததை வரைவதில்லை. அவர் படத்தில் வானம் துடைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருக்கும். ஏன் ஐயா ஒரு மேகம் கூட இல்லை என்று கேட்டால், அளந்து கொடு, போடுகிறேன் என்பார். ஒரு வக்கீல் வந்து, எதிர்த்தரப்பு டிரைவர் கையில் ஒரு போனை வைத்துக் காட்டச் சொன்னார். போனை யார் பார்த்தது என்று இவர் கேட்டார். யாராவது பார்த்த மாதிரி இருக்கட்டுமே என்றார் வக்கீல். மாடிப்படி அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டார் பொம்மைக்காரர். இப்படித்தான் அவர் பெயர் நிலைத்தது. அவர் படம் என்றால் நீதிபதிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. இருக்க வேண்டியதுதான்.

ரொட்டி வேன் வழக்கை அவருக்குக் கொண்டுவந்தது அவர் மைத்துனன். மனைவியின் தம்பி, வேன் டிரைவருக்காக ஆஜராகும் வக்கீல். வாயில் சர்க்கரை, கையில் கத்தி. அத்தான் அத்தான் என்று குழைந்துகொண்டு வந்தால் வேலை கஷ்டமானது என்று அர்த்தம்.

விபத்து இதுதான். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் வாசலில் சாலையோரமாக ஒரு உயரமான லாரி நின்று மேஜை நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தது. கிளினிக்குக்கு வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் பெண்மணி, வெளியே வந்து, லாரியின் மூக்குக்கு முன்னால் சாலையைக் கடந்தார். லாரியை ஒட்டி வந்த ரொட்டி வேன் அவரை அடித்துவிட்டது. உயிர் பிழைத்தார். இடுப்பிலும் காலிலும் எலும்பு நொறுங்கியது. இப்போது ஒரு கைத்தடியோடு நடக்கிறார்.

சாலையில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இருந்தது. வேன் வந்த வேகம் எதிர்ப்பக்கத்து வங்கியின் கேமராவில் பதிவாகியிருந்தது. வேகம் சட்டத்துக்கு உட்பட்ட வேகம்தான். அந்தக் கேமராவின் கோணத்தில் பெண்மணியை மட்டும் லாரி மறைத்துவிட்டது. அதனால் மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: டிரைவர் கண்ணுக்கு அவர் எப்போது தெரிந்தார்? லாரியின் மறைவிலிருந்து நிற்காமல் நேராக வெளிப்பட்டிருந்தால் எந்த டிரைவராலும் நிறுத்தியிருக்க முடியாது. கொஞ்ச நேரமாவது கண்ணில் பட்டிருந்தால், நிறுத்தாமல் வந்தது டிரைவரின் குற்றம். குற்றம் என்றால் சிறை. உரிமமும் போகும்.

டிரைவர் ஒரு நாள் அந்த மாடி அறைக்கு வந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். விபத்துக்குப் பிறகு கம்பெனி அவனை வண்டியில் ஏற்றவில்லை, தட்டு அடுக்குகிற வேலையில் போட்டிருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, திரையில் தன் வேன் ஒரு சாம்பல் டப்பாவாக நிற்பதை நெடுநேரம் பார்த்தான்.

“நான் அந்தம்மாவப் பாக்கவே இல்லண்ணே. பாத்தப்போ கண்ணாடி முழுக்க அந்தம்மாதான் இருந்தாங்க” என்றான்.

இதைத்தான் எல்லா டிரைவரும் சொல்லுவார்கள். பொம்மைக்காரர் அவனை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அளவு என்ன சொல்கிறதோ அது வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேனும் லாரியும் சுலபமாக அமைந்தன. பெண்மணியின் நடைதான் படுத்தியது. கம்ப்யூட்டரோடு வந்த ஆயத்த நடை இருக்கிறதே, அது சிப்பாய் அணிவகுப்பு. அதை வைத்தால் பல் கிளினிக் பெண்மணி போருக்குப் போகிற மாதிரி இருந்தது. எனவே வீட்டில் மனைவியைக் கூப்பிட்டு, ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டு, இதுதான் லாரி, இந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சுவர் வரைக்கும் நட என்றார். போனில் படம் பிடித்தார். அவள் அடுப்பில் வைத்ததைப் பாதியில் விட்டு வந்தவள். விறுவிறுவென்று நடந்து சுவரைத் தொட்டுவிட்டு, போதுமா என்றாள். போதவில்லை. திரும்பவும் நடந்தாள். அதுவும் அவருக்குத் தட்டையாகத் தெரிந்தது, கட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி. சோபா முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்று போ என்றார். ஏன் நிற்க வேண்டும் என்று அவள் கேட்டாள். நின்று போனால் நன்றாக இருக்கும் என்றார். அவள் நின்றாள். வழுக்கிய பையை முழங்கையால் மேலே தள்ளினாள், தலையைத் திருப்பி அவரை ஒரு முறை முறைத்தாள், பிறகு காலை எடுத்து வைத்தாள். அடடா என்று அவருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அந்த நடையை அப்படியே எடுத்துப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்.

இங்கேதான் வினை. கார்ட்டூன் வேலையில் முதல் பாடம் என்னவென்றால், முயல் குதிக்குமுன் பின்வாங்கிக் குனிய வேண்டும். ஓடுகிறவன் ஓடுமுன் உடம்பைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவத்தில் உயிர் இருக்காது. அத்தனை வருஷம் முயலோடு குடித்தனம் பண்ணிய கைக்கு, எதை அசைத்தாலும் முன்னால் ஒரு நிறுத்தம் வைத்தால்தான் திருப்தி. மேகத்தை அளக்கச் சொன்ன மனிதருக்கு, அந்த நிறுத்தத்தை யார் அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. மூளைக்குக் காவல் போட்டவர் கைக்குப் போடவில்லை.

மைத்துனன் வந்து படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “அத்தான், இது போதும். அந்தம்மா நின்னு, பாத்து, பாத்துட்டே எறங்கறாங்க. தப்பு யாருதுன்னு பச்சப் பிள்ள கூட சொல்லிடும்” என்றான். இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்ளாத குறை. சட்டப்படி எதிர்த்தரப்புக்கும் ஒரு பிரதி போயிற்று.

விசாரணை நாள். நீதிமன்றத்தில் வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் திரை சரியாக மூடாததால் வெயில் ஒரு கோடாகக் குறுக்கே விழுந்திருந்தது. நிபுணர் சாட்சி என்பதால் பொம்மைக்காரரை உள்ளேயே உட்கார நீதிபதி அனுமதித்திருந்தார். அவர் பின்பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கல்யாண வீட்டில் பெண்ணுக்குத் தாய்மாமன் உட்கார்ந்திருக்கிற தோரணையில்.

பெண்மணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசுத் தரப்பில் ஒரு வக்கீலம்மா. குரலை உயர்த்தாமல் ஆளை வெட்டக்கூடியவர். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். பெண்மணி சொன்னார்.

“லாரி முடியற எடத்துல நின்னேன். தோள்ல பை நழுவுச்சு, முழங்கையால மேல தள்ளிக்கிட்டேன். தலையத் திருப்பிப் பாத்தேன். வேன் தூரத்துல வந்துச்சு. நிறுத்திடுவார்னு நெனச்சுதான் எறங்கினேன்.”

பொம்மைக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்து முன்னால் சாய்ந்தார். அந்த முழங்கை அவருக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கத்தில் நடந்து வருகிற முழங்கை. கூட்டத்தில் பத்துப் பெண்கள் முதுகு காட்டி நின்றாலும் பை தள்ளுகிற விதத்தை வைத்து இவள் என் வீட்டுக்காரி என்று கண்டுபிடித்துவிடுவார். அது எப்படி இந்தப் பெண்மணிக்கு வந்தது?

மைத்துனன் எழுந்து குறுக்கு விசாரணை செய்தான். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது எதுவும் ஞாபகம் இல்லை என்று சொன்னீர்களே என்றான். ஆமாம், அப்போது இல்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது என்றார் பெண்மணி. அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. பொய் சொல்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பொம்மைக்காரருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. பாவம், அந்த அம்மாள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். எங்கே கண்டார் என்பதுதான் அவருக்கே தெரியவில்லை.

வக்கீலம்மா அதோடு விடவில்லை. எதிர்த்தரப்பு தந்த படத்தையே ஓடவிட்டு, பொம்மை நின்ற இடத்தில் நிறுத்தினார். தலை லாரிக்கு வெளியே தெரிந்தது. இங்கே இவர் நிற்கிறார், அங்கே வேன் வருகிறது, நடுவில் எதுவும் மறைக்கவில்லை. சாட்சியும் இதைத்தான் சொல்கிறார், டிரைவர் தரப்புப் படமும் இதைத்தான் சொல்கிறது. நிறுத்த நேரம் இருந்தும் டிரைவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நிற்கிறவர் டிரைவர் கண்ணிலும் படுவார் என்பது மைத்துனனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டின மாதிரி இருந்தது. டிரைவர் தலையைத் தொங்கப்போட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில், நடைபாதையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பொம்மைக்காரர் மைத்துனனைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அந்த நிறுத்தம் நான் போட்டது. எந்த அளவிலும் இல்லை. அரசுத் தரப்புக்குப் போன பிரதியைப் போட்டுக் காட்டியிருப்பார்கள், பார்த்துப் பார்த்து அந்த அம்மாள் அதைத் தன் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டுவிட்டார்.

மைத்துனன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முதலில் மெதுவாகப் பேசுங்கள் என்றான். அப்புறம் அவனே மெதுவாகப் பேசவில்லை. இதைக் கூண்டில் ஏறிச் சொன்னால் படம் மொத்தமும் குப்பைக்குப் போகும், பின்னாலேயே உங்கள் தொழிலும் போகும், நாளைக்கு எந்த வக்கீல் உங்கள் மாடிப்படி ஏறுவான் என்றான். ஏறாவிட்டால் போகட்டும் என்றார் இவர். அதற்கு அவன் சொன்னதுதான் உறைத்தது.

“சரி அத்தான், சொல்லுங்க. யாரு நம்புவா? நேத்து வரைக்கும் இதான் சத்தியம்னீங்க. கட்சி தோக்குதுன்னதும் இது நான் சும்மா போட்டதுன்னா, அந்த வக்கீலம்மா உங்கள உப்புப் போட்டு ஊறவெச்சுடுவாங்க.”

அவன் சொன்னது நியாயம். வக்கீல்கள் சில சமயம் நியாயமும் பேசுவார்கள். படத்தை மாற்றி வரைந்து காட்டினால் அது இன்னொரு படம், அவ்வளவுதான். அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததை மனைவியிடம் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முழங்கை என்றதும் அவள் கை நின்றது.

“நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?” என்றாள். “நான் ரெண்டு தடவ நேராத்தானே போனேன். ஹால்ல ஒரு நாய் கூட இல்ல, யாருக்காக நிக்கணும்னு கேட்டேன். நல்லா இருக்கும்னீங்க.”

அந்த ‘நல்லா இருக்கும்’ அவர் மண்டையில் சம்மட்டி மாதிரி விழுந்தது. அவர் சொன்னது அவருக்கே மறந்து போயிருந்தது. போனை எடுத்துத் தேடினார். எல்லாம் பத்திரமாக இருந்தன. நேரே நடந்தது, மறுபடி நடந்தது, அவர் குரல், அவள் குரல், நின்றது, முழங்கை, முறைப்பு. பிடித்த தேதியும் பக்கத்திலேயே இருந்தது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? இதை நீதிமன்றத்தில் காட்டப்போகிறேன் என்றார்.

“என்னையா? கோர்ட்டுலயா? அன்னிக்குத் தல கூட வாரல. போட்டிருந்த சட்ட தரை துடைக்கிற துணி மாதிரி இருக்கு.”

முகத்தை மறைத்துவிடலாம், அதற்கெல்லாம் வசதி இருக்கிறது என்றார் அவர். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். மறைக்காதீங்க என்றாள். முகத்தை மறைத்தால் எதையோ திருடினவள் மாதிரி இருக்கும். தலை வாராததற்கெல்லாம் இந்த வயசில் வெட்கப்பட முடியாது. தம்பி வாதாடி அவள் நேரில் பார்த்ததே இல்லை, அதனால் தானும் வருவேன் என்றும் சொன்னாள்.

அடுத்த விசாரணைக்கு அவள் தலையை நன்றாக வாரிக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பொம்மைக்காரர் கூண்டில் ஏறினார். மைத்துனன் கேள்வி கேட்க ஆரம்பிக்குமுன்பே, ஐயா, ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். தப்பு செய்தவன் மாதிரி அவர் பேசவில்லை. பஞ்சர் எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக் மாதிரி பேசினார். வேன் வந்தது, பிரேக் பிடித்தது, இடித்தது, இதெல்லாம் அளவு. லாரி ஓரத்தில் பொம்மை நின்றது அளவு இல்லை. அது என் கை வேலை. சாட்சி போனில் இருக்கிறது, போட அனுமதி வேண்டும் என்றார். வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போடுங்கள், பார்ப்போம் என்றார்.

பெரிய திரையில் ஒரு வீட்டு ஹால் வந்தது. கொடியில் காயும் துண்டு, ஓரத்தில் ஒரு செருப்பு ஜோடி. பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் விறுவிறுவென்று நடந்தாள்.

“இது யாரு?” என்றார் நீதிபதி.

“என் வீட்டுக்காரிங்கய்யா.”

“அந்த சோபா?”

“அதுதாங்கய்யா லாரி.”

நீதிமன்றத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. முன்பெஞ்சில் இருந்தவள் மட்டும் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் மறுபடி நேராக நடந்தாள். பிறகு அவர் குரல், கொஞ்சம் நின்னு போ. அவள் குரல், யாருக்காக நிக்கணும், ஹால்ல ஒரு நாய் கூட இல்ல. நின்னு போ, நல்லா இருக்கும். திரையில் இருந்தவள் நின்றாள். முழங்கையால் பையைத் தள்ளினாள். தலையைத் திருப்பினாள்.

சிரிப்பு அங்கேயே அறுந்துவிட்டது. கைத்தடிக்காரப் பெண்மணி எழுந்து நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று வக்கீலம்மா கையைத் தொட்டும் அவர் உட்காரவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள் என்று நீதிபதியைக் கேட்டார். போட்டார்கள். அந்த ஹாலில், அந்தத் துண்டுக்குக் கீழே, தன்னுடைய கடைசி நல்ல நடையை வேறு ஒருத்தி நடந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார்.

“இத நான் பண்ணினேன்னுதான் நெனச்சேன்” என்றார். “சத்தியமா நெனச்சேன்.”

படத்தை ஒதுக்கிவிட்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். முதல் தடவையாக நீதிபதியின் குரல் இறங்கியிருந்தது. பெண்மணி கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிளினிக் கதவைத் திறந்தால் மணி அடிக்கும், அது அடித்தது. வெளியே வெயில் கூசியது. அப்புறம் ஆஸ்பத்திரியின் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டார்.

வக்கீலம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. எழுந்து பொம்மைக்காரரின் பக்கத்தில் வந்தார். ஒன்றைக் கற்பனை செய்தவர் மற்றதையும் கற்பனை செய்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார். உத்தரவாதம் வேண்டாம், படத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அளவு போலீஸுடையது, தடம் சாலையில் இருந்தது, வேகம் வங்கிக் கேமராவில் இருக்கிறது, அதை வைத்துப் பாருங்கள் என்றார் இவர். அப்படியானால் சாட்சி நிற்கவே இல்லை என்கிறீர்களா என்றார் வக்கீலம்மா.

“நின்னாங்களா நிக்கலயான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத தெரிஞ்ச மாதிரி போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.”

“உங்க கட்சிக்கு ரொம்ப வசதியான பதில்.”

“வசதியா இருக்கறதாலயே பொய்யாயிடாதும்மா.”

வக்கீலம்மா கையிலிருந்த காகிதத்தை மடித்தார். வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்த நாளில் முதல் அடி பொம்மைக்காரருக்குத்தான் விழுந்தது. நீதிபதி படத்தை அடியோடு நிராகரித்தார். பார்க்க அழகாக இருப்பதும் நடந்ததும் ஒன்றல்ல என்று தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது, ஒரு சாட்சியின் ஞாபகத்தையே கெடுத்துவிட்டது இந்தப் படம் என்று எழுதி, அதை உரக்கப் படித்தார். பொம்மைக்காரர் எழுந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். அதில் ஒரு வார்த்தையும் அவருக்கு அதிகமாகத் தெரியவில்லை. பிறகு மிச்சமிருந்த அளவுகளை நீதிபதி ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்மணி டிரைவரின் கண்ணில் முன்கூட்டியே பட்டார் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. சந்தேகத்தின் பலன் டிரைவருக்கு. விடுதலை.

டிரைவருக்கு அது புரிய நேரம் பிடித்தது. மைத்துனன் அவன் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் மூச்சு விட்டான்.

வெளியே வருவதற்குள்ளாகவே வராந்தாவில் ஒரு வக்கீல் பொம்மைக்காரரை நிறுத்தி, கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் இவர். அந்த ஆள் நகர்ந்ததும், இதே வேகத்தில் எல்லோரும் போய்விட்டால் அடுப்பு எரிய வேண்டாமா என்று மனைவி கேட்டாள். போகிறவர்கள் போகட்டும், இனிமேல் என் படம் எந்தப் படத்தைவிடவும் சுத்தமாக இருக்கும், அது வேண்டுகிறவன் வருவான் என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார்.

நீதிமன்றத்து வாசற்படியில் மைத்துனன் டிரைவரை ஓரங்கட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நஷ்ட ஈட்டு வழக்கு தனியாக இருக்கிறது, அது முடியும்வரை அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், வாயைத் தைத்துக்கொள் என்றான். டிரைவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினான். அந்த நேரம் பார்த்துப் பெண்மணி கைத்தடியோடு வெளியே வந்தார். அவர் புருஷன் காரை எடுத்துவரப் போயிருந்தார். எதிர்ப்புறம்தான் இடம் கிடைத்திருந்தது போலிருக்கிறது; அங்கிருந்து கையாட்டிக்கொண்டிருந்தார்.

பெண்மணி மேல்படியில் நின்று பொம்மைக்காரரைப் பார்த்தார். நான் நின்றேனா என்று கேட்டார். தெரியாதம்மா என்றார் இவர்.

“நீங்க தெரியும்னு சொன்னப்போ எனக்கு நல்லா இருந்துச்சு” என்றார் பெண்மணி. “நான் கவனமாத்தான் இருந்தேன்னு ஒரு நிம்மதி. இப்ப அதுவும் இல்ல.”

பொம்மைக்காரர் ஆறுதலுக்காக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பெண்மணி டிரைவர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்காவது தெரியுமா?”

டிரைவர் மைத்துனனைப் பார்த்தான். மைத்துனன் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றான். டிரைவர் இறுக்கி மூடியிருந்த உதட்டைத் திறந்தான்.

“எனக்கும் இப்பக் கண்ண மூடினா அந்தப் பொம்மதாம்மா வருது” என்றான்.

மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பெண்மணி டிரைவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு இரண்டு படி கீழே நின்றும் அவர் உயரத்துக்கு இருந்தது.

“சரி, சும்மா நிக்காதீங்க. கையக் குடுங்க. இந்தப் படியக் கட்டினவனுக்குக் காலு ஒடஞ்சிருக்காது” என்றார்.

டிரைவர் கையைக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். யாராவது போட்டோ எடுத்தால் நாளைக்கு எதிர்த்தரப்பு இதையே சாட்சியாக வைக்கும் அத்தான் என்று மைத்துனன் முணுமுணுத்தான். எடுக்கட்டும், இதை யாரும் வரையவில்லையே என்றார் பொம்மைக்காரர். அவன் அக்காள் அவனை, சும்மா இருடா என்று அதட்டினாள்.

சாலையோரத்துக்குப் போனவர்கள் அங்கே நின்றார்கள். ஒரு பக்கம் பார்த்தார்கள், மறுபக்கம் பார்த்தார்கள். ஒரு பஸ் போயிற்று. அதன் பின்னால் சாலை காலியாக இருந்தது. அவர்கள் நகரவில்லை. மறுபடி ஒரு பக்கம், மறுபடி மறுபக்கம். தூரத்தில் வந்த ஒரு கார் அவர்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்து நின்றேவிட்டது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. காரோட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“போறீங்களா இல்லையா?”

“போறோம், போறோம்” என்றார் பெண்மணி. டிரைவரின் கையை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சாலையில் இறங்கினார்.